கயாகோய்: ஆள் இல்லாத மலைக் கிராமத்தின் பெயர்க்காரணம்

ஒரு ஊரோட பெயர்க்காரணத்தைத் தேடிப் போனா, பல நேரம் அந்த ஊரோட வரலாறே கைக்கு வந்துடும். அப்படி நான் தேடிப் படிச்ச ஊர்தான் கயாகோய். துருக்கியின் தென்மேற்கில், ஃபெத்தியே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கு.

துருக்கி மொழியில் 'கயா' என்றால் பாறை, 'கோய்' என்றால் கிராமம். பாறையூர்! மலைச்சரிவு முழுக்க நூற்றுக்கணக்கான கல் வீடுகள். கூரை இல்லை, கதவு இல்லை, சுவர் மட்டும் நிக்குது. பார்த்தா பெயர் சரியாத்தான் பொருந்துது. ஆனா அந்த வீடுகளில் வாழ்ந்தவங்க தங்கள் ஊரை இப்படிச் சொல்லலை.

அவங்க கிரேக்க மொழி பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவங்களுக்கு இது 'லிவிஸ்ஸி'. லெபெஸ்ஸோஸ் என்ற பழைய பெயர் பல நூற்றாண்டுகளில் மருவி லிவிஸ்ஸி ஆச்சு.

அப்புறம் ஏன் ஊர் காலியாச்சு? 1919 முதல் 1922 வரை கிரேக்கர்களுக்கும் துருக்கியருக்கும் போர். அது முடிஞ்சதும், 1923 ஜனவரி 30 அன்று லொசான் நகரில் ஒரு மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டாங்க. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாகப் போகணும். இஸ்தான்புல் மாதிரி சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. இதில் கவனிக்க வேண்டியது, யார் போகணும் என்பதை மதம்தான் முடிவு செஞ்சது, பேசும் மொழி இல்லை. போனவங்க அனுமதி இல்லாம திரும்பி வரவும் முடியாது. இந்தப் பக்கம் சுமார் 12 லட்சம் பேர், அந்தப் பக்கம் சுமார் 4 லட்சம் பேர் சொந்த ஊரை இழந்தாங்க.

கிரேக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களும் இதே வலியோடதான் வந்தாங்க. சிலரை இங்கே குடியேத்தினாங்க. ஆனா விவசாயம் செஞ்சு பழகினவங்களுக்கு இந்தச் சரிவு ஒத்துவரலை. வேற இடம் போயிட்டாங்க. 1957 நிலநடுக்கம் மிச்சம் இருந்த வீடுகளையும் சேதப்படுத்துச்சு.

இப்போ பெயர் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஃபெத்தியே நகரத்தின் பெயர் மக்ரி. 1914-இல் இறந்த விமானி ஃபெத்தி பேயின் நினைவாக 1934-இல் அதை மாத்தினாங்க. ஆனா மக்ரியிலிருந்தும் லிவிஸ்ஸியிலிருந்தும் போனவங்க, ஏதென்ஸுக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு ஊரை உருவாக்கி அதுக்கு 'நெயா மக்ரி' என்று பெயர் வச்சாங்க. அர்த்தம், புது மக்ரி. பழைய ஊரில் அழிஞ்ச பெயர் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் உயிரோட இருக்கு!

என் வேலையில், ஒரு கோப்போட பெயர் மாறியிருந்தா முதல்ல அதோட பழைய பதிவைத்தான் திறந்து பார்ப்போம்: யார் மாத்தினது, எப்போ, ஏன்? ஊர்ப் பெயருக்கும் அதே கேள்விகள்தான். 'கயாகோய்' என்ற சொல்லைப் பிரிச்சா பாறை தெரியும். அங்கே வாழ்ந்த மனுஷங்க தெரிய மாட்டாங்க. அதனால அடுத்த முறை ஒரு பெயருக்கு அர்த்தம் தேடும்போது, அதுக்கு முன்னாடி அந்த ஊரை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னும் சேர்த்துத் தேடுங்க நண்பர்களே.