முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்

ராயபுரம்

அன்பு பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்கு வந்தபோது உன் மேசையில் அந்த மாத்திரை பாட்டிலைப் பார்த்தேன். உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட், காலையில் வந்து குரூப் 2 தேர்வுக்குப் படிப்பு. புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடம்கூட மனம் நிற்கவில்லை என்றாய். அதற்காக மாதம் 1,400 ரூபாய் கொடுத்து 'கவனம் கூட்டும்' மாத்திரை வாங்குகிறாய். உன் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வயிறு எரிந்தது.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஜிங்கோ, நீர்ப்பிரமி, வல்லாரை. அடியில் பொடி எழுத்தில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று இருந்தது. ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்பவர்கள் அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும்; உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதி அது. பாட்டிலில் உள்ள 14 இலக்க எண் உணவுப் பொருள் தயாரிக்கத் தந்த உரிமம். கவனம் கூடும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று இல்லை.

ஜிங்கோவை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஜிங்கோ, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஆறு வருடம் போலப் பார்த்துவிட்டு 2008-இல் சொன்னார்கள்: மறதி நோயை அது தடுக்கவில்லை. நீர்ப்பிரமியைச் சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஞாபகம் கொஞ்சம் கூடியதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. நீ தேடும் கவனத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. வல்லாரையைத் துவையலாகவே அரைத்துச் சாப்பிடலாம். பக்கிங்காம் கால்வாய் ஓரம் பறித்த கீரை மட்டும் வேண்டாம். தண்ணீரில் இருக்கும் நஞ்சைக் கீரை உறிஞ்சிவிடும். இன்னொன்று, இந்த மாத்திரையை உன் அப்பாவுக்குக் கொடுத்துவிடாதே. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவருக்கு ஜிங்கோவால் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

நான் லேப் டெக்னீசியன் படித்த காலத்தில் எனக்கும் இதே கதைதான். வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொருகும், படித்தது நிற்காது. உன் பாட்டி கடன் வாங்கி ஞாபகசக்தி டானிக் வாங்கித் தந்தாள். ஒருநாள் செய்முறை வகுப்பில் ஒருவர் விரலை ஒருவர் குத்தி ரத்தம் எடுத்துப் பழகினோம். ஹீமோகுளோபின் அளக்கும் சாலி குழாயில் அமிலத்தோடு என் ரத்தத்தைக் கலந்து, நிறம் ஒத்து வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் விட்டதுமே நிறம் வெளுத்துவிட்டது. ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மலத்தையும் பார்த்தபோது கொக்கிப்புழு முட்டை இருந்தது. பூச்சி மாத்திரை ஒன்று, மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை. அதன் பிறகுதான் பாடம் மண்டையில் ஏறியது. அதற்கு முன் எத்தனை பாட்டில் டானிக் குடித்தேனோ!

நான் மட்டும் இல்லை பாப்பா. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ரத்தம் குறைந்தால் உடம்பு சோர்வதோடு கவனமும் சிதறும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். அதனால்தான் ஹீமோகுளோபினோடு, அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்கிறேன். உனக்கு மாதவிலக்கில் போக்கு அதிகம். ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்கிறாய். இரண்டும் இரும்புக் குறைவைச் சுட்டலாம்; கவனித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பார்க்காமல் நீயாக இரும்பு மாத்திரை போடவும் வேண்டாம். டாக்டர் தந்தால், டீயோடு சேர்த்து விழுங்காதே; டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோடு போடு.

காலையில் வந்து வெறும் டீயோடு படிக்க உட்காருவதையும் விடு. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரிக்கே பெயர் தந்த பிட்டி தியாகராயர், 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட ஏற்பாடு செய்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. எழுந்த பிறகு படி. விடியற்காலை நான்கு மணிக்குக் குடிக்கும் காபியின் பாதி வேகம் ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். அதுவும் உன் தூக்கத்தைத் தின்கிறது. காசிமேட்டில் மத்தி மலிவாகக் கிடைக்கும்போது வாரம் இரண்டு நாள் வாங்கு. மீன் எண்ணெய் மாத்திரையில் தேடும் கொழுப்பு மத்திக் குழம்பிலேயே இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே மனம் நிற்பதில்லை என்றால் அது வேறு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார். கூடவே நான் வருகிறேன். தோழி தந்தாள் என்று அவளுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையைத் தொடாதே.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடு. ஃபெரிட்டின், தைராய்டு சோதனைகள் அங்கே இல்லை என்றால் ஸ்டான்லிக்கு எழுதி வாங்கு. ரிப்போர்ட்டோடு நேராக இங்கே வா, மத்திக் குழம்பு வைத்திருப்பேன். அதுவரை அந்தப் பாட்டிலைத் திறக்காதே.

உன் அத்தை