கை கழுவச் சொன்ன மருத்துவர்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நோய் தீர்ப்பதற்கென்றே அமைந்த இடம் மருத்துவமனை. அங்கே சென்றதனாலேயே ஒருவர் நோயுற்று மடிவார் என்றால் நம்புவோமா? ஐரோப்பாவின் புகழ்பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்றாகிய வியன்னா பொது மருத்துவமனையில் 1846-ஆம் ஆண்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அங்கே பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற்பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சி வேலை பழகும் பெண்கள் பார்த்தார்கள். அவ்வாண்டில் முதற்பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார் இறந்தார்கள். இரண்டாம் பிரிவிலோ 3,754 பிரசவங்களுக்கு 105 பேர்தாம். பெரும்பாலோரைக் கொன்றது பிரசவக் காய்ச்சல். நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுவே.

இந்தக் கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்களும் அறிந்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு பிரிவு, மறுநாள் மற்றொரு பிரிவு என்று முறைவைத்துச் சேர்ப்பது அங்கு வழக்கம். முதற்பிரிவின் முறைநாளில் வந்து அகப்பட்டுக்கொண்டவர்கள், தம்மை அங்கே விடவேண்டாம் என்று முழந்தாளிட்டுக் கெஞ்சினார்களாம். வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்கள்கூட, முதற்பிரிவில் பெற்றவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்கள். கற்றறிந்த மருத்துவர் கையைவிடத் தெருவே மேல் என்றால், அந்தத் தாய்மாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவ்வாண்டு அப்பிரிவில் உதவி மருத்துவராகச் சேர்ந்தவர் ஹங்கேரி நாட்டவரான இக்னாஸ் செம்மல்வைஸ். அவருக்கு வயது 28. வடிவியல் கணக்கில் நாம் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்து அடிப்பதுபோல, அவரும் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். கூட்ட மிகுதியா? இரண்டாம் பிரிவில்தான் கூட்டம் அதிகம். காற்றின் கேடா? இரண்டு பிரிவுக்கும் காற்று ஒன்றே. பிரசவத்தின்போது படுக்கும் நிலையா? அதையும் மாற்றிப் பார்த்தார். பயன் இல்லை.

நம் போன்ற கத்தோலிக்க மாணவியருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் இதில் உண்டு. சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவரும் குருவானவர், முதற்பிரிவில் மட்டும் பல வார்டுகளைக் கடந்து செல்லவேண்டியிருந்தது. அவருக்கு முன்னே ஒருவர் மணி அடித்துக்கொண்டு போவார். அந்த மணியோசை கேட்டுத் தாய்மார் அஞ்சி நோயுறுகிறார்களோ என்று செம்மல்வைஸ் ஐயுற்றார். குருவானவரும் மனமிசைந்து, மணியின்றிச் சுற்றுவழியே வந்தார். சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில் ஒரு துயரம் நேர்ந்தது. அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொல்லெட்ஷ்கா, பிண ஆய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாறுதல்கள் அந்தத் தாய்மார் உடலில் காணப்பட்டவையே! செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, நேரே பிரசவ வார்டுக்கு வந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவியும் அவர்கள் கையில் பிண வாடை போகவில்லை. மருத்துவச்சிகள் பிண அறைக்கே போவதில்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

மே மாதம் முதல், குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடக் கூடாது என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த அதே வார்டில், ஜூனில் 2 பேர். 1848 மார்ச்சில் 276 பிரசவங்கள். ஒரு சாவும் இல்லை. இடையில் ஒருமுறை, புற்றுநோய்ப் புண்ணில் சீழ் வடிந்த ஒருத்தியைப் பரிசோதித்த கையை வெறும் சோப்பில் கழுவிவிட்டு அடுத்தடுத்த 12 பேரைத் தொட்டபோது 11 பேர் மாண்டனர். அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்கு இடையிலும் கழுவவேண்டும் என்று விதியை இறுக்கினார். (பிலாத்துவும் கை கழுவினான், பொறுப்பைத் தட்டிக்கழிக்க. இவர் கேட்டது நேர்மாறான கழுவல்!)

இத்தனை தெளிவான உண்மையை உலகம் ஏற்றிருக்கவேண்டும் அல்லவா? ஏற்கவில்லை. உங்கள் கைகளே கொன்றன என்றால் எந்த மருத்துவர் பொறுப்பார்? 1849-இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1861-இல்தான் புத்தகமாக எழுதினார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று ஏசிக் கடிதங்களும் விடுத்தார். அவர் சற்றுப் பொறுமையாகப் பேசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கண்ணெதிரே தாய்மார் சாகும்போது பொறுமை வருமா? 1865 ஆகஸ்ட் 13 அன்று, வியன்னா மனநோய் விடுதியில், புண் புரையோடி இறந்தார். அதற்கு முந்திய நாள்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர், கால் முறிந்த சிறுவன் ஒருவனின் காயத்திற்குக் கார்பாலிக் அமிலம் இட்டுக் கட்டினார்.

கிருமிகளைப் பற்றி எல்லாரும் அறிந்துவிட்ட பிறகாவது கை கழுவுதல் நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. என் அத்தை ஒரு மருத்துவமனையில் நர்ஸ். "பெரிய டாக்டரிடம் போய், ஐயா, கை கழுவ மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல நாக்கு எழுமா?" என்பார். இந்த நாக்கு எழாமையைத்தான் அமெரிக்காவில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் கவனித்தார். பெரிய இரத்தக் குழாயில் மெல்லிய குழாய் செலுத்துவதற்கு ஐந்தே படிகள் கொண்ட பட்டியல் ஒன்றை 2001-இல் அவர் வகுத்தார். முதற்படி கை கழுவுதல். பட்டியலைவிடப் பெரிய மாற்றம், டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுகளுக்கு நிர்வாகமே கொடுத்தது. பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதைக் கடைப்பிடித்தபோது, மூன்றே மாதத்தில் அவற்றுள் பாதிக்கும் மேலானவற்றில் அக்குழாய்வழி நோய்த்தொற்று அறவே இல்லாமற்போனது.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கும் 19 வரிகள் கொண்ட பட்டியல் வெளியிட்டது. புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பின் இறப்பு நூற்றுக்கு 1.5 என்பது 0.8 ஆகக் குறைந்தது. அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது: கத்தி வைப்பதற்கு முன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒருமுறை பேசிவிட்டவர், இடையில் ஏதேனும் பிசகு கண்டால் தயங்காமல் மறுமுறையும் பேசுவார் என்பதற்காக அப்படி வைத்தார்களாம்.