விரல் மரத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

சொட்டு மருந்தால் மட்டும் கண் அழுத்தம் இறங்காதபோது கண் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது அசெட்டசோலமைடு. ‘டயமாக்ஸ்’ என்றால் மருந்துக்கடைக்காரருக்குச் சட்டென்று புரியும். 1950களிலிருந்து கிளாக்கோமாவுக்குப் புழங்கும் மருந்து. அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்கும் வயதாகிவிட்டது.

“விரல் மரத்துப்போகுது, மாத்திரை ஒத்துக்கலை.”
அதிகம் கேட்கும் புகார் இதுதான். இது ஒவ்வாமை அல்ல. கண்ணுக்குள் நீர் சுரக்க உதவும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை இந்த மருந்து தடுக்கிறது. அந்த நொதி கண்ணில் மட்டுமா இருக்கிறது? சிறுநீரகத்திலும் நாக்கிலும் இருக்கிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர் வருகிறது, சோடா குடித்தால் சப்பென்று இருக்கிறது. விரல் நுனி, பாதம், உதட்டோரம் குறுகுறுப்பதும் இந்த மருந்தின் வழக்கமான விளைவே; பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் ஒரு பக்கக் கைகால் மட்டும் திடீரென்று வலுவிழந்தாலோ பேச்சு குழறினாலோ அது வேறு கதை. மாத்திரை மீது பழியைப் போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“தொந்தரவா இருக்கு, பாதி போட்டா போதும்.”
சாதாரண மாத்திரையின் வீரியம் சுமார் 8 முதல் 12 மணி நேரம்தான். வேளை தவறினால் அழுத்தம் மீண்டும் ஏறும். பெரும்பாலானோருக்கு வலியே தெரியாது. கெட்டுப்போன பார்வை நரம்பு திரும்பி வராது. தொந்தரவைச் சொன்னால் மருத்துவரிடம் வழிகள் உண்டு: அளவைக் குறைக்கலாம், மெதுவாகக் கரையும் கேப்சூலுக்கு மாற்றலாம் (அதை மென்று விழுங்கக் கூடாது), டார்சோலமைடு போன்ற அதே வகைச் சொட்டு மருந்தைத் தரலாம். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்பதும் தப்பு. ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் பொதுவாகப் பலன் கூடுவதில்லை.

“நீர் மாத்திரைதானே, தண்ணியைக் குறைக்கணும்.”
நேர்மாறு. இந்த மருந்தால் சிறுநீரகக் கல் உருவாகலாம், ஆகவே தண்ணீர் வேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும். பொட்டாசியம் குறைகிறதே என்று இளநீராகக் குடிப்பதும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து. ரத்தப் பரிசோதனைதான் சரியான வழி.

“கண்ணுக்கான மாத்திரை, உடம்பை என்ன செய்யும்?”
செய்யும். உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், தொண்டை வலியோடு காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு, வேகமான மூச்சு, விலாவில் கடும் வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டியவையும் உண்டு: சல்பா மருந்து ஒவ்வாமை, கல்லீரல் சுருக்கம், சிறுநீரக நோய். ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதன் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; அதிக அளவு ஆஸ்பிரினும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடிவிடும்.