இயற்கை ஒளியில் காட்டு வாத்துகளைப் படம் பிடித்தல்

ஆண்டுதோறும் மழைக்காலம் ஓய்ந்ததும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் காட்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாக நம் நாட்டின் ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் வந்தடைகின்றன. அவற்றை இனங்கண்டு எண்ணிக் குறித்துக்கொள்வது கள ஊழியரின் பணியாகும். மாணவர்க்குக் காட்டி விளக்குவது ஆசிரியரின் பணியாகும். இவ்விரு பணிகளுக்கும் காமிரா உற்ற துணை. எனினும், எடுத்த படம் சான்றாக நிற்க வேண்டுமாயின், பறவையின் உருவும் நிறமும் உள்ளபடி பதிந்திருத்தல் இன்றியமையாதது. இது காமிராவின் விலையைப் பொறுத்தது அன்று. சூரியன் எங்கே நிற்கிறது, நாம் எங்கே அமர்கிறோம் என்பதையே பெரிதும் பொறுத்தது. பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்பு நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கேவலாதேவ்

ராஜஸ்தான் மாநிலத்தில், ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இவ்விடம் ஒரு காலத்தில் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர்; அக்கணக்கு அங்குள்ள கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னர் 1981-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இது பதிவாயிற்று. 1982-இல் தேசியப் பூங்காவாகவும், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆழமற்ற நீர்ப்பரப்புகளைக் கரைகள் பல பகுதிகளாகப் பிரிக்கின்றன. ஆகவே, வேண்டிய திசையில் அமர்ந்து ஒளியைத் தேர்ந்துகொள்ள இவ்விடம் மிகவும் ஏற்றது.

இறகின் நிறமும் ஒளியும்

வாத்தின் இறகில் இருவகை நிறங்கள் உண்டு. பழுப்பும் கருமையும் மெலனின் என்னும் நிறப்பொருளால் அமைவன. இவை எக்கோணத்திலிருந்து பார்த்தாலும் அதிகம் மாறுவதில்லை. பளபளக்கும் பச்சையும் நீலமும் அத்தகையன அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போதே அவை தோன்றுகின்றன. சோப்புக் குமிழியின் மேல் நிறங்கள் மின்னுவதும் இதே முறையில்தான். ஒளி தக்க கோணத்தில் படாவிடில் இந்நிறம் மறைந்து, இறகு கருமையாகவே தெரியும்.

தட்டைவாயன் ஆண் வாத்தின் பச்சைத் தலை சூரியனுக்கு எதிராகப் பார்க்கும்போது கறுத்துக் காண்பது இதனாலேயே ஆகும். பல வாத்துகளின் சிறகில் ஓர் ஒளிர்பட்டை உண்டு; இனங்காண அது சிறந்த அடையாளம். கிளுவைக்கு அது பச்சை. புள்ளிமூக்கு வாத்துக்கு வெள்ளைக் கரையிட்ட பச்சை. கருவால் வாத்தின் சிறகுத்திட்டோ வெண்மை; ஆதலின் மங்கிய ஒளியிலும் அது புலப்படும். பெண் வாத்துகள் பெரும்பாலும் ஒரே பழுப்பு நிறத்தன. ஆகவே அவற்றை அடையாளங்காண இவ்வொளிர்பட்டையும் அலகின் வடிவமுமே துணை. ஒளிர்பட்டை கறுத்துப் பதிந்த படம் எவ்வளவு அழகாயினும் ஆய்வுக்குப் பயன்படாது.

பருவத்தையும் கருதவேண்டும். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் இறகுதிர்த்து, சில மாதங்கள் பெண்ணைப் போன்ற மங்கல் தோற்றம் கொள்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் வந்திறங்கும் ஆண்கள் பல இக்கோலத்திலேயே இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் முழு நிறமும் திரும்பிவிடும். தொடக்கத்திலேயே எடுத்த படங்களைக் கொண்டு ஆண், பெண் விகிதம் கணக்கிடுவது பிழைக்கு இடமளிக்கும்.

சூரியனின் உயரம்

சூரியன் உச்சியை நெருங்கும்போது வாத்தின் முதுகு வெளுத்தும் அடிவயிறு இருண்டும் பதியும். கண்ணும் நிழலில் மறையும். தாழ்ந்த சூரியனின் ஒளியோ பறவையின் பக்கத்தில் நேரே படுகிறது. கண்ணில் ஓர் ஒளிப்புள்ளியும் தோன்றுகிறது. மேலும், வெயில் ஏறியபின் சூடான தரையிலிருந்து எழும் காற்று அலைந்து, தொலைவிலுள்ள பறவையின் உருவைக் கலங்கச் செய்கிறது. எத்தகைய லென்சாலும் இக்கலக்கத்தை நீக்கவியலாது.

டிசம்பர் 22-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் பரத்பூரில் அடிவானத்திற்கு மேல் சுமார் 39 பாகை உயரமே ஏறுகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் அது சுமார் 47 பாகை. பழவேற்காட்டில் சுமார் 53 பாகை. எனவே தெற்கே செல்லச் செல்ல நல்லொளி நிலவும் நேரம் குறுகுகிறது.

இதனை அளக்கக் கருவி வேண்டுவதில்லை. ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நடுக. நிழல் இரண்டு மீட்டர் இருப்பின் சூரியனின் உயரம் சுமார் 27 பாகை. ஒரு மீட்டராயின் 45 பாகை. நிழல் கோலினும் இருமடங்கு நீண்டிருக்கும்போது ஒளி மிக நன்று. கோலினும் குறுகியபின் காமிராவை மூடி வைத்து எண்ணிக்கையைத் தொடங்கலாம்.

ஒளியும் காற்றும் வரும் திசை

சூரியன் முதுகுப்புறம் இருக்கவும், நம் நிழல் பறவையை நோக்கி விழவும் அமர்ந்தால் நிறங்கள் தெளிவாகப் பதியும். ஆகவே காலையில் நீர்நிலையின் கிழக்குக் கரையும், மாலையில் மேற்குக் கரையும் உகந்தவை. உருவின் கோட்டை மட்டும் காட்ட விரும்பின் எதிரொளியைக் கொள்ளலாம்; ஊசிவால் வாத்தின் நீண்ட கழுத்தும் வாலும் அவ்வாறு நன்கு விளங்கும்.

வாத்துகள் காற்றை எதிர்நோக்கியே மேலெழும். நீரில் ஓய்வு கொள்ளும்போதும் பெரும்பாலும் அவ்வாறே முகம் திரும்பியிருக்கும். காற்றும் சூரியனும் நமக்குப் பின்னிருந்து வரும் நாளில் பறவைகள் நம்மை நோக்கியே எழுகின்றன. இத்தகைய நாளைக் காத்திருந்து கொள்வது, பறவையைத் துரத்திப் பெறும் நூறு படங்களினும் மேலானது.

ஒளியின் அளவு

தெளிந்த வெயிலில், ஐ.எஸ்.ஓ. 400 எனின், எஃப்-8 திறப்புக்கு ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/1600 வினாடி. காலைச் சூரியனின் ஒளி இதில் நாலில் ஒரு பங்காகக் குறைந்திருப்பின் வேகம் 1/400 ஆகும். நீந்தும் வாத்துக்கு இது போதும். பறக்கும் வாத்துக்குப் போதாது. திறப்பை எஃப்-5.6 ஆக்கினால் 1/800, அத்துடன் ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக உயர்த்தினால் 1/1600 கிடைக்கும்.

காமிராவின் ஒளிமானி தான் காணும் யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கொள்ளும். மின்னும் நீரின் நடுவே கறுத்த பறவை இருந்தால் அது மேலும் கறுக்கும். ஒளியை ஒரு படி கூட்டுக. ஊசிவால் ஆணின் வெண்மார்பில் இறகுகளின் கோடுகள் மறையுமாயின் அரைப்படி குறைக்க. நிறச்சமன் அமைப்பைப் ‘பகல் ஒளி’ என்னும் நிலையிலேயே வைத்தால் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் எளிது.

வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி மிகுதி. அப்போது நிழலில்லை, ஒளிர்பட்டையும் மங்கும். எனினும் வெண்மை, பழுப்பு வேறுபாடுகள் மென்மையாகப் பதிவதால் பெண் வாத்துகளின் இறகுக் கோலத்தைப் பதிய அது நல்ல தருணம். ஒளியை ஒரு படி கூட்டி எடுத்தால் பனி சாம்பலாகாது.

பறவையின் நலம்

வாத்துக் கூட்டம் அஞ்சி எழும் ஒவ்வொரு முறையும், திரும்பும் பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதி வீணாகிறது. மேய்ச்சல் நேரமும் குறைகிறது. ஆதலின் விடியுமுன் மறைவிடத்திற் சென்று அமர்க. பறவைகள் தலையை உயர்த்தி ஒருங்கே நோக்கினால் அசையாதிருக்க. அவை விலகி நீந்தத் தொடங்கினால் பின்வாங்குக. கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்புதல் கூடாது. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதி பெறுதல் வேண்டும்.

ஒவ்வொரு படத்துடனும் நாள், இடம், நேரம், நோக்கிய திசை, வானிலை ஆகியவற்றைக் குறிக்க. மூலப்படத்தின் நிறங்களை மாற்றாது வைத்திருக்க. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடைபெற்று வருகிறது. கண்ணால் எண்ணியதைச் சரிபார்க்க, இவ்வாறு குறிப்புடன் எடுத்த கூட்டப்படங்கள் பெரிதும் உதவும்.

மாணவர்க்குரிய பயிற்சி

இதற்குச் சரணாலயம் வேண்டுவதில்லை. ஊர்க் குளத்து வளர்ப்பு வாத்துகளே போதும். பச்சைத் தலையுள்ள ஓர் ஆண் வாத்தைத் தேர்ந்துகொள்க.

1. காலை, நண்பகல், மாலை மூவேளையும் ஒரே தொலைவிலிருந்து படம் எடுக்க.
2. ஒவ்வொரு வேளையும் கோலின் நிழலை அளந்து எழுதுக.
3. சூரியனை முதுகுப்புறம் வைத்தும், எதிரில் வைத்தும் ஒவ்வொரு படம் எடுத்து, தலையின் நிறத்தை ஒப்பிடுக.
4. கருமையாகத் தெரிந்த தலை எப்போது பச்சையாயிற்று என்பதற்குக் காரணம் கூறுக.

இப்பயிற்சியை ஒருமுறை செய்த மாணவன், பறவையின் நிறத்தைக் குறிக்குமுன் ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று நோக்கப் பழகுவான். கள ஆய்விற்கு வேண்டிய முதற் பழக்கம் அதுவே.