பழைய வால்வு ஆம்ப் கைக்கு வந்தால்…

1960களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற கிடார் ஆம்ப் கிடைத்ததும் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் மாட்டினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

வருடக்கணக்கில் தூங்கிய ஆம்ப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டர் கெப்பாசிட்டர்களை. உள்ளிருக்கும் ரசாயனம் காய்ந்துபோனால் 'ங்ங்ங்' என்று இரைச்சல் கிளம்பும். சிலது உப்பி, ஓரத்தில் பிசுபிசுவென்று கசிந்திருக்கும். தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கலாம், ஆளையே கொல்லும். வால்வு செட் பழகிய டெக்னீஷியனிடம் விடுவதே புத்திசாலித்தனம்.

அப்படியே இரண்டு முள் வயரை எர்த் உள்ள மூன்று முள் வயராக மாற்றி, மின்வழியையும் சேசிஸையும் இணைக்கும் கெப்பாசிட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது பழுதானால் கிடார் கம்பியே ஷாக் அடிக்கும்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கரகரக்கும் குமிழ்களுக்கு கான்டாக்ட் கிளீனர் போதும்.

வாசிக்கும்போது கூடவே ஏதோ ஒலிக்கிறதா? பென்சிலால் சின்ன வால்வுகளை லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டங்' என்று பலமாகக் கேட்பதை மட்டும் மாற்றுங்கள். கடைக்காரர் முழு செட்டையும் மாற்றத்தான் சொல்வார்!