அடுப்படியும் பண்ணைக் கணக்கில் சேர்த்திதான்

போன பங்குனியில் ஒரு நாள் ராத்திரி, பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த என் வீட்டுக்காரம்மா சொன்னாங்க: "மாட்டை வித்துடலாங்க. நிலத்தையும் யார்கிட்டயாவது குத்தகைக்கு விட்டுடுங்க. என்னால முடியல." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். ரொம்ப அமைதியாகச் சொன்னதால் எனக்குப் பயம் வந்துவிட்டது.

புகையான், இலைச்சுருட்டுப் புழு, ஆளில்லாத நடவு எல்லாத்தையும் தாண்டி வந்த நாலு ஏக்கர் பண்ணை இது. கடைசியில் எச்சில் பாத்திரத்துக்கிட்ட தோற்றுப் போகப் பார்த்தது. இயற்கை விவசாயத்துக்கு வர நினைக்கிற நண்பர்கள் விதை எங்கே கிடைக்கும், மாடு என்ன விலை என்றெல்லாம் கேட்கிறார்கள். அடுப்படியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்காமல் இறங்கியவன்தான்.

வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்கு எழுதிய கை. மறுநாளே ஒரு நோட்டை எடுத்து, எந்நேரத்துக்கு யார் நின்று வேலை செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதினேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், என் அம்மா. வேலைக்கு வருகிற மூன்று பேருக்குக் காலைச் சாப்பாடும் நம் வீட்டில்தான். அந்த அம்மா காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் உட்காருகிறார்கள். அதில் அடுப்பும் பாத்திரமும் மட்டுமே ஆறு மணி நேரம். என் பேருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. காலில் நரம்பு சுருண்டு வீங்கியிருப்பதை டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

இந்த ஒரு வருஷத்தில் நாங்கள் மாற்றியதைத்தான் கீழே எழுதுகிறேன். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பாதி நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதி.

முதலில் சோறு. பாரம்பரிய அரிசி உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் பேசுகிறோம். வேக வைக்கிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பட்டை தீட்டாத மாப்பிள்ளைச் சம்பாவை ஊற வைக்காமல் உலையில் போட்டால் ஒரு மணி நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். விறகும் கேஸும் அதிலேயே போகும், கூடவே ஒரு ஆள் நிற்கவும் வேண்டும். இதற்கு நாங்கள் கண்ட வழி வைக்கோல் கூடை.

பானையைவிட நாலு பக்கமும் அரை சாண் அகலமான ஒரு மூங்கில் கூடை. அடியில் நல்ல காய்ந்த வைக்கோலை ஒரு சாண் உயரத்துக்கு அமுக்கிப் போட வேண்டும். பானையை நடுவில் வைத்துச் சுற்றிலும் வைக்கோலைத் திணித்தால் பானைக்கு ஒரு கூடு அமைந்துவிடும். உள்பக்கம் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டால் சோற்றில் வைக்கோல் துரும்பு விழாது. மேலே மூட, வைக்கோல் அடைத்த ஒரு தலையணை. செலவு கூடை விலை மட்டுந்தான்.

அரிசியை ராத்திரியே, எட்டு மணி நேரம், ஊற வைத்துவிட வேண்டும். காலையில் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்து, மூடி போட்டு, தளதளவென்று பதினைந்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். பிறகு மூடியைத் திறக்காமல் அப்படியே தூக்கிக் கூட்டுக்குள் இறக்கி, தலையணையால் அமுக்கி மூடிவிட்டு வயலுக்குப் போய்விடலாம். உள்ளே அடைபட்ட சூட்டிலேயே அது வெந்துகொண்டிருக்கும். வைக்கோலுக்குள் நிற்கிற காற்று சூட்டை வெளியே விடாது, அவ்வளவுதான் சூத்திரம். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து திறந்தால் சோறு பதமாக, ஆவி பறக்க இருக்கும். அடி பிடிக்காது, குழையாது.

இதில் நாங்கள் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கான சோற்றைப் பெரிய பானையில் வைத்தால் சூடு நிற்காது, அரைவேக்காடுதான். நடுவில் ஆசைப்பட்டுத் திறந்து பார்க்கவே கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் கூட்டுக்குள் விடாதீர்கள். வெதுவெதுப்பாக இறங்கிப் போன சாப்பாடு கெட்டுப் போகும். கை வைத்தால் சுடுகிற சூடு இல்லையென்றால் ஒரு கொதி விட்டுத்தான் பரிமாற வேண்டும். துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்க விட்டு இறக்கினாலும் நன்றாக மசிகிறது. ராஜ்மா மட்டும் வேண்டாம். அதை அடுப்பிலேயே முழுசாக வேக வைப்பதுதான் நல்லது, அரைவேக்காட்டில் வயிற்றைக் கலக்கிவிடும். கருப்புக் கவுனிக்குக் கூடையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எங்களுக்கு இரண்டு தடவையும் சரியாக வரவில்லை, குக்கருக்கே திரும்பிவிட்டோம்.

காலைப் பலகாரத்தை வாரத்தில் நாலு நாள் நிறுத்திவிட்டோம். முந்தின நாள் மத்தியானச் சோற்றை மண்பானையில் போட்டு முழுகத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் பழையது தயார். சின்ன வெங்காயம், மோர், ஒரு மோர்மிளகாய் போதும். வேலைக்கு வருகிறவர்களுக்கு இட்லியைவிட இதுதான் பிடித்திருக்கிறது என்று தெரிய எனக்கு இவ்வளவு வருஷம் ஆயிற்று.

இனி பாத்திரம். இது என் வேலை ஆகிவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொல்லையில் சமையலறைத் தண்ணீர் விழும் இடத்தில் நாலு வாழை வைத்திருந்தோம். இலை ஓரம் எல்லாம் கருகிக்கொண்டே வந்தது. நான் ஜீவாமிர்தம் ஊற்றினேன், பஞ்சகவ்யம் தெளித்தேன். நான் பாத்திரம் கழுவ ஆரம்பித்த மூன்றாம் நாள்தான் விஷயம் புரிந்தது. மாதம் ஐந்தாறு சோப்புக் கட்டி, அதற்கு மேல் துணி துவைக்கிற பவுடர், எல்லாம் அந்த நாலு மரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சோப்பிலும் சலவைப் பவுடரிலும் இருக்கிற சோடா உப்பு மண்ணில் சேரச் சேர, மண் கட்டி கட்டியாக இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. களர் நிலம் என்கிறோமே, அதைக் கொல்லைப்புறத்தில் நாமே தயாரித்துக்கொண்டிருந்தோம். வயலில் ஒரு பிடி யூரியா போட மாட்டேன் என்று சபதம் செய்தவன் வீட்டில் நடந்தது இது.

இப்போது முறை இப்படி. தட்டில் மிச்சம் இருப்பதை முதலில் வழித்து உரப்பானையில் போட்டுவிடுவது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சட்டியை வாழை இலைத் துண்டாலோ பழைய காகிதத்தாலோ துடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. முதல் அலசல் வெறும் தண்ணீரில். அந்தப் பருக்கைத் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், வடிகஞ்சி மிச்சம் எல்லாம் மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். முன்பு சோப்பு நுரையோடு கலந்து சாக்கடைக்குப் போனது இதுதான்.

அதற்குப் பிறகுதான் தேய்ப்பது. விறகுச் சாம்பலையோ வரட்டிச் சாம்பலையோ துணியில் சலித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பலில் இருக்கிற காரம் எண்ணெயோடு சேர்ந்து பிசுக்கை இளக்கிவிடும். பிளாஸ்டிக்கோ பெயிண்ட் அடித்த மரமோ எரிந்த சாம்பல் கூடவே கூடாது. உமிச் சாம்பல் கரகரவென்று நன்றாகத் தேய்க்கும், ஆனால் கீறல் விழும், அடிப்பிடித்த பானைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பலால் தேய்த்தால் அதன் காரம் உலோகத்தை அரித்துக் கருக்கிவிடும், அதற்குச் சாம்பல் ஆகாது. நான்ஸ்டிக் வைத்திருப்பவர்களும் சாம்பல் பக்கம் போக வேண்டாம். பித்தளைக்கும் செம்புக்கும் புளிச்சக்கையும் கல் உப்பும். மண்சட்டிக்கு வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். சோப்பு போட்டால் சட்டியின் கண்களில் ஏறிக்கொண்டு அடுத்த குழம்பில் வாசம் வரும். இரும்புச் சட்டியைக் கழுவியதும் அடுப்பில் காட்டி ஈரத்தை ஓட்டி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது.

விருந்தாள் வந்து பாத்திரம் குவிகிற நாளுக்குப் பூந்திக்கொட்டைக் கரைசல். கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வேண்டும். காலையில் இருபது நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் சரி. வெளியே வைத்தால் மூன்று நான்கு நாளில் புளித்துவிடும், அதனால் கொஞ்சமாகவே செய்யுங்கள். நுரை குறைவாகத்தான் வரும். நுரை வந்தால்தான் சுத்தம் என்று பழகிய கைக்கு முதல் வாரம் திருப்தியே இருக்காது. கண்ணில் பட்டால் எரியும். மீன் வளர்க்கிற குட்டைக்கு இந்தத் தண்ணீர் போகக் கூடாது, பூந்திக்கொட்டைச் சாறு மீனுக்கு ஆகாது.

தேய்க்கிறதுக்குப் பீர்க்கங்காய் நார். வேலியில் படர்ந்த கொடியில் இரண்டு காயை முற்றிக் காய விடுங்கள். விதையும் ஆச்சு, ஒரு வருஷத்துக்கு நாரும் ஆச்சு.

பழத்தோல், வெல்லம், தண்ணீர் 3:1:10 என்று போட்டு மூன்று மாதம் புளிக்க வைக்கிற நொதிக்கரைசலையும் செய்து பார்த்தோம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் டப்பா வெடித்துவிடும். தரை துடைக்க, சிங்க் கழுவ நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் அது சர்வரோக நிவாரணி என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை.

கழிவுநீர்ப் போக்கை மாற்ற ஒரு ஆளின் அரை நாள் கூலிதான் ஆனது. குழாய் வாயில் துளைத்தட்டு. அடுத்து, கொஞ்சம் வைக்கோல் போட்ட ஓட்டைப் பானை, பிசுக்கு அதில் தங்கிவிடும். வாரம் ஒருமுறை அந்த வைக்கோலை எடுத்து உரக்குழியில் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டும். அதிலிருந்து இரண்டடி நீள, அகல, ஆழக் குழி. குழி நிறைய செங்கல் ஜல்லி, அதைச் சுற்றிக் கல்வாழையும் சேம்பும். மிஞ்சியது வாழைக்கு. வாய்க்காலை இரண்டாகப் பிரித்து ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் என்று திருப்புகிறோம். தேங்கி நின்றால் கொசுதான். கீரைப் பாத்திக்கும் பச்சையாகத் தின்கிற முள்ளங்கி, வெள்ளரிக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். உங்கள் மண் ஏற்கெனவே களர் என்றால் சாம்பல் தண்ணீரையும் ஒரே இடத்தில் விடாதீர்கள், சாம்பலும் காரந்தான். எங்கள் பழைய வாழைகள் பிழைக்கவில்லை. பக்கக்கன்று இரண்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தோம், இப்போது இலை சுத்தமாக இருக்கிறது.

இவ்வளவும் செய்து என்ன மிஞ்சியது? மறுபடி நோட்டில் எழுதிப் பார்த்தேன். அந்த ஆறு மணி நேரம் மூன்றரை ஆகியிருக்கிறது, அதிலும் ஒன்றேகால் மணி என் பேரில். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். ரசஞ்சோறோ கிச்சடியோ, ஒரே பாத்திரம். ஏழரைக்கு நான் ரேடியோவைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனால் எட்டுக்குள் முடிந்துவிடும். ஊரில் சிரித்தார்கள்தான். "சார் ரிடையர் ஆகிப் பாத்திரம் கழுவுறாரு"ன்னு டீக்கடையில் பேச்சு. உண்மையைச் சொன்னால், நாள் முழுக்க ஓடிய மனசு அடங்குகிறது அந்த அரை மணி நேரத்தில்தான்.

வீட்டுக்காரம்மா அந்த நேரம் திண்ணையில். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பிடி கல் உப்பு போட்டுக் காலை வைத்துக்கொள்வார்கள், பத்து நிமிஷம். சர்க்கரை உள்ளவர்கள் கையை விட்டுச் சூட்டைப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். மரத்துப் போன காலுக்குச் சுடுவது தெரியாது. பிறகு பாயில் படுத்து, காலைச் சுவரோரம் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம். டாக்டர் சொன்னதும் அதுதான். செவ்வாயோ வெள்ளியோ நல்லெண்ணெய்க் குளியல், அன்றைக்கு வயல் வேலை கிடையாது என்று தீர்த்துவிட்டோம். எட்டு மணிக்கு மேல் இரண்டு செல்போனும் உள் அறையில். அம்மா பரணிலிருந்து பல்லாங்குழியை எடுக்கச் சொன்னார்கள், புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். மாமியாரும் மருமகளும் சேர்ந்துகொண்டு என்னைத் தோற்கடிக்கிறார்கள், கணக்கு எழுதின கை என்று பேர் வேறு.

மாட்டை விற்கவில்லை. தை மாதம் கன்று போட்டது. குத்தகைப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை, நானும் எடுக்கவில்லை. கால் வீக்கம் முழுசாகப் போகவில்லை, சாயங்காலம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கூடை செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. மழைக்காலத்தில் வைக்கோல் ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழசை மாட்டுக்குப் போட வேண்டாம், உரக்குழிக்குப் போகட்டும்.