ஐந்தருவியில் குளிச்சா மெசேஜும் கொட்டுமா?

போன சீசனில் ஐந்தருவிக்குப் போனோம். தங்கின இடத்தில் கேட்டாங்கன்னு ஃபார்மில் நம்பர் எழுதி, டிக்கும் போட்டேன். குளிச்சது ஒரு நாள். ஆஃபர் மெசேஜ் வந்தது மூணு மாசம்! கடுப்பில் எஸ்எம்எஸ் நோட்டிஃபிகேஷனையே ஆஃப் பண்ணேன். பிளேஸ்மென்ட் டெஸ்ட் லிங்க்கும் கண்ணில் படாமலே போச்சு. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, எந்த வகை விளம்பரம் வேண்டாம் என்பதை நாமே தேர்வு செய்யலாம். வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, சுற்றுலா, உணவு என மொத்தம் 8 பிரிவுகள். உங்க சிம்மிலிருந்து 1909-க்கு கால் பண்ணுங்க, கட்டணம் இல்லை. சுற்றுலாவை மட்டும் நிறுத்தலாம், எல்லாத்தையும் கூட நிறுத்தலாம். எதை நிறுத்தினாலும் ஓடிபி, வங்கிக் கணக்கு மெசேஜ் எல்லாம் வழக்கம்போல வரும்.

ஒரு விஷயம் கவனிங்க. ஃபார்மில் நாம போடுற டிக் தனி சம்மதம். அது இருந்தா, பிரிவை நிறுத்தினாலும் அந்த நிறுவனம் அனுப்பலாம். அதனால சம்மதத்தையும் திரும்பப் பெறணும்.

அப்புறமும் வருதா? 7 நாளுக்குள் 1909-லயே புகார் கொடுக்கலாம். டிராயோட டிஎன்டி ஆப்பும் இருக்கு.

வெள்ளம் வந்தா ஐந்தருவியில் எல்லாக் கிளைக்கும் சேர்த்துத்தான் தடை. இன்பாக்ஸில் அப்படியில்லை, வேண்டாத கிளையை மட்டும் அடைக்கலாம்.